பழைய பில் புக் சின்னத்தை எஸ்விஜி ஆக்குவது எப்படி? (ரேடியம் கட்டிங், போர்டு, இணையதளம் மூன்றுக்கும் வேண்டும்)

#1 தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். மாமாவின் மிட்டாய்க் கடைக்கு ஒரு பழைய சின்னம் இருக்கிறது. வட்டத்துக்குள் தோகை மடக்கிய மயில், அதன் அடியில் வளைவாக ‘மயில் மிட்டாய்க் கடை’ என்று எழுத்து. லெட்டர்பிரஸ் காலத்தில் பிளாக் செய்து அடித்தது. பிளாக்கும் இல்லை, அந்த அச்சகமும் இல்லை. மிஞ்சியது ஒரு பழைய பில் புக், அப்புறம் அதை யாரோ போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜேபெக் படம்.

வேனின் இரண்டு பக்கமும் இரண்டடி அகலத்தில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கடை வாசலுக்கு அக்ரிலிக் போர்டு. கூடவே ஒரு சின்ன இணையதளம். ஸ்டிக்கர் கடையில் ‘வெக்டார் ஃபைல் கொண்டு வாங்க’ என்றார்கள், அதாவது பிக்சல்களால் இல்லாமல் கோடுகளால் ஆன ஃபைல்; எஸ்விஜி அதில் ஒரு வகையாம். இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளம் ஒன்றில் ஜேபெக்கைப் போட்டு எஸ்விஜி வாங்கினேன். ‘இதில் வெட்டுவதற்குக் கோடே இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தளத்தில் வாங்கியதைத் திறந்ததும் அவர்கள் கணினி நின்றேவிட்டது. இரண்டும் எஸ்விஜிதான், பார்க்கவும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. என்னதான் பிரச்சினை?

#2 ரேடியம்ராஜா

நானும் ஸ்டிக்கர் கடைதான் வைத்திருக்கிறேன், வாரத்துக்கு நாலு பேராவது இப்படி ஃபைல் கொண்டு வருகிறார்கள். முதல் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எஸ்விஜி வெறும் எழுத்து ஃபைல், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உள்ளே ‘பாத்’ என்று தொடங்கி எண்கள் வரிசையாக வந்தால் அது நிஜமான கோடு. ‘இமேஜ்’ என்று ஆரம்பித்து, ‘பேஸ்64’ என்ற சொல்லுக்குப் பின்னால் தலைகால் புரியாத எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடினால், உங்கள் ஜேபெக்கையே உறைக்குள் போட்டுத் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினான பிளாட்டரின் பிளேடுக்கு அதில் வேலையே இல்லை.

இரண்டாவது ஃபைலை இங்க்ஸ்கேப்பில் (இலவச வெக்டார் மென்பொருள்) திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நோடு கருவியை அழுத்தினால் கீழ்ப்பட்டையில் நோடு (கோட்டின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் புள்ளி) எண்ணிக்கை தெரியும். எவ்வளவு என்று சொல்லுங்கள்.

#3 வளைகோடு

ராஜா அண்ணன் சொன்ன முதல் வகை ரொம்பச் சாதாரணம். விக்கிமீடியா காமன்ஸில் இதற்கென்றே ‘போலி எஸ்விஜி’ என்று முத்திரை குத்தும் வார்ப்புரு வைத்திருக்கிறார்கள். பேஸ்64 ஆக்கும்போது மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. அதனால் உறைக்குள் போட்ட படம் பழைய ஜேபெக்கைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் ஆகிவிடும். லாபம் ஒன்றும் இல்லை.

#4 தேன்சிட்டு

முதல் ஃபைல் அண்ணன் சொன்னபடியேதான், பேஸ்64. இரண்டாவதில் 14 ஆயிரத்துக்கு மேல் நோடு காட்டுகிறது! கறுப்பு வெள்ளைப் படம்தானே, ஆனால் உள்ளே சாம்பல், பழுப்பு, கொஞ்சம் நீலம்கூட இருக்கிறது.

#5 வளைகோடு

அந்த நீலமும் பழுப்பும் உங்கள் சின்னத்தில் இல்லை, ஜேபெக் கொண்டு வந்தது. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. புகைப்படத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்றால் கோட்டின் இரு பக்கமும் அழுக்கு அலை மாதிரி பரவும். வாட்ஸ்அப் மேலும் ஒரு முறை சுருக்கியிருக்கும். மாற்றித் தரும் நிரலுக்கு எது மயில், எது அழுக்கு என்று தெரியாது. ஒவ்வொரு அழுக்குக்கும் ஒழுங்காக எல்லை வரைந்து, நிறம் பூசிக் கொடுத்துவிட்டது.

அந்த ஜேபெக்கை மறந்துவிடுங்கள். பில் புக் கையில் இருக்கிறதே, அதுதான் சொத்து. ஜெராக்ஸ் கடையில் பிளாட்பெட் ஸ்கேனர் இருக்கும். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்), கிரேஸ்கேல் (சாம்பல் நிழல்களோடு), பிஎன்ஜி அல்லது டிஃப். ‘பிளாக் அண்ட் ஒயிட்’ தேர்வைத் தொடாதீர்கள். பெயரைப் பார்த்தால் நமக்கு அதுதான் பொருத்தம் என்று தோன்றும், காரியத்தைக் கெடுப்பதும் அதுதான்.

காரணம் சொல்கிறேன். கோட்டின் ஓரத்தில் இருக்கும் சாம்பல் பிக்சல் ஒரு தகவல். முப்பது சதவீதம் கறுத்திருக்கும் பிக்சல், மை அந்தக் கட்டத்துக்குள் முப்பது சதவீதம் வரை வந்து நின்றிருக்கிறது என்று சொல்கிறது. ஸ்கேனரே கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் அந்தத் தகவல் போய்விடும், ஓரம் படிக்கட்டாகிவிடும். கிரேஸ்கேலாக எடுத்து, கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் முதலில் இரண்டு மடங்கு பெரிதாக்கி (கியூபிக் முறையில்), லேசாக காஸியன் பிளர் (மங்கலாக்கம்) கொடுத்து, கடைசியாக ‘திரெஷோல்ட்’ போடுங்கள், அது சாம்பலை எல்லாம் கறுப்பு அல்லது வெள்ளை ஆக்கிவிடும். அதே அச்சிலிருந்து வரும் கோடு எவ்வளவு வழவழப்பாகிறது என்று நீங்களே பார்க்கலாம். பிக்சல் படத்தைக் கோடாக மாற்றும் பொட்ரேஸ் நிரலோடு வரும் ‘எம்கேபிட்மேப்’ இந்த வேலையைத் தானாகவே செய்யும். போனில் எடுத்த படம் என்றால் ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கும் இல்லையா, அதையும் முதலில் சமன் செய்துவிட்டுத்தான் பெரிதாக்கும்.

அப்புறம் இங்க்ஸ்கேப்பில் ‘பாத்’ மெனு, ‘டிரேஸ் பிட்மேப்’, ‘சிங்கிள் ஸ்கேன்’, ‘பிரைட்னஸ் கட்ஆஃப்’. அதற்குள் ஓடுவது பொட்ரேஸ்தான். டல்ஹௌசி பல்கலைக்கழகத்தின் பீட்டர் செலிங்கர் எழுதியது, 2001 முதல் இருக்கிறது, இன்றும் கறுப்பு வெள்ளைக்கு நான் அதைத்தான் நம்புகிறேன். அது வேலை செய்யும் விதம் அழகு. முதலில் கறுப்பு பிக்சலும் வெள்ளை பிக்சலும் சந்திக்கும் எல்லையைச் சுற்றிப் போகும். அந்தப் படிக்கட்டு எல்லையைக் குறைந்த பக்கங்கள் உள்ள பலகோணமாக மாற்றும். ஒவ்வொரு மூலையையும் பார்த்து, இது நிஜமாகவே கூரான மூலையா, வளைவில் வந்த மூலையா என்று தீர்மானிக்கும். ‘ஸ்மூத் கார்னர்ஸ்’ என்ற எண் அந்தத் தீர்மானத்தை மாற்றத்தான். சுழியம் வைத்தால் எல்லாம் கூர்மை, 1.34 வைத்தால் கூர்மையே கிடையாது. இயல்பு 1. மயிலின் அலகு மழுங்கிவிட்டால் 0.8 பக்கம் இறக்கிப் பாருங்கள். கடைசியில் அடுத்தடுத்த வளைவுகளை ஒன்றாக்கி நோடுகளைக் குறைக்கும், அது ‘ஆப்டிமைஸ்’.

#6 பிக்சல்பாண்டி

இவ்வளவு எதற்கு? ஏஐ-யிடம் படத்தைக் கொடுத்து ‘இதைச் சுத்தமாக வரைந்து கொடு’ என்றால் முடிந்தது.

#7 டிடிபி_தாத்தா

பாண்டி தம்பி, கொடுத்துப் பார்த்தீர்களா? மயில் வரும், அழகாகவே வரும். ஆனால் அது வேறு மயில். கொண்டையில் மூன்று இறகு இருந்த இடத்தில் ஐந்து இருக்கும், கழுத்து இன்னும் நளினமாக வளையும். கடைக்காரருக்கு வேண்டியது நாற்பது வருடமாக வாடிக்கையாளர் பார்த்த அதே மயில். அது கொஞ்சம் கோணலாக இருந்தால் கோணலாகவே வேண்டும். தமிழ் எழுத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இனி தேன்சிட்டுவுக்கு. வளைகோடு சொன்னதெல்லாம் சரி, மயிலுக்கு அப்படியே செய்யுங்கள். ஆனால் வட்டத்தையும் எழுத்தையும் டிரேஸ் செய்யாதீர்கள் அம்மா.

வட்டத்தை டிரேஸ் செய்தால் அது வட்டமாகவே வராது, உருளைக்கிழங்காக வரும். லெட்டர்பிரஸில் ஒரு பக்கம் அழுத்தம் கூடியிருக்கும், தாள் லேசாக இழுபட்டிருக்கும். இரண்டடி ஸ்டிக்கரில் அத்தனையும் தெரியும். ஸ்கேனைப் பின்னால் வைத்து, ஒளிபுகும் அளவுக்கு மங்கலாக்கி, லேயரைப் பூட்டிவிட்டு, மேலே வட்டக் கருவியால் ஒரே இழுப்பில் வட்டம் போடுங்கள். எஸ்விஜியில் வட்டத்துக்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது, மையமும் ஆரமும் கொடுத்தால் போதும். அதை வளைவாக மாற்றினாலும் நாலே நோடுதான். நோடுகளால் ஆன இந்த வளைவால் (பெஸியே வளைவு என்பார்கள்) துல்லியமான வட்டம் வராது, பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுக்குப் பிசகும். அந்தப் பிசகை எந்த பிளேடும் கண்டுபிடிக்காது.

எழுத்து விஷயம் இன்னும் முக்கியம். பிளாக் அச்சில் மை பிதுங்கும். ண, ன எழுத்துகளின் சுழிக்குள் மை புகுந்து அடைத்துக்கொள்ளும். மிட்டாயின் ‘மி’யில் மேலே வளையும் கொம்பு எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். டிரேஸ் செய்தால் அந்த மைக்கறைக்கும் சேர்த்துத்தான் கோடு கிடைக்கும். கிட்டத்தட்ட அதே வடிவில் ஒரு ஃபான்ட் தேடி அடியுங்கள். கிடைக்காவிட்டால் பேனா கருவியால் கையாலேயே வரையுங்கள். அந்தப் பெயரில் பத்துப் பதினோரு எழுத்துதான், திரும்பி வரும் எழுத்தும் உண்டு. வரையும்போது நோடுகளை வளைவின் உச்சியிலும் அடியிலும், இடது வலது ஓரங்களிலும் வையுங்கள். ஃபான்ட் செய்பவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். ‘க’வின் கீழ் வளைவுக்கு மூன்று நோடு போதும், டிரேஸ் பதினைந்து போடும்.

கோரல்டிராவோடு கோரல்டிரேஸ் என்று தனி நிரலாக வந்த காலத்திலிருந்து இந்த வேலை பார்க்கிறேன். இப்போது அது பவர்டிரேஸ் ஆகி உள்ளேயே வந்துவிட்டது. எவ்வளவோ முன்னேறிவிட்டது. தமிழ் எழுத்தில் மட்டும் இன்றும் நான் அதை நம்புவதில்லை.

#8 வளைகோடு

தாத்தாவோடு ஒரு இடத்தில் மட்டும் சண்டை. எழுத்தே அந்தக் காலத்து ஓவியர் கையால் எழுதியதாக இருந்தால்? அதே ஃபான்ட் எங்கும் கிடைக்காது. டிரேஸ் செய்துவிட்டு நோடுகளைத் திருத்துவது புதிதாக வரைவதைவிடச் சுலபம்.

#9 டிடிபி_தாத்தா

சுலபம் என்று தோன்றும். பதினைந்து நோடில் பன்னிரண்டை அழித்து மூன்றை நகர்த்துவதற்குள் நான் இரண்டு எழுத்து வரைந்துவிடுவேன். உங்களுக்குக் கை அப்படிப் பழகியிருந்தால் உங்கள் வழி.

#10 நூல்கண்டு

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கடைப் பையன்களின் சட்டைப் பையிலும் இதே மயிலைப் போடச் சொல்லிக் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் எம்பிராய்டரி மெஷினுக்கு எஸ்விஜி போதாது. நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும், எங்கே அறுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும், அதைத்தான் பஞ்சிங் என்கிறோம். இங்க்ஸ்கேப்பிலேயே இங்க்/ஸ்டிச் என்ற இலவசச் சேர்க்கை இருக்கிறது, அதிலிருந்து டிஎஸ்டி, பிஇஎஸ் ஃபைல் எடுக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும். மெல்லிய கோட்டை டிரேஸ் செய்தால் பொட்ரேஸ் அதன் இரண்டு ஓரத்தையும் வரைந்து தரும், கோட்டுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று. ஒற்றை ஓட்டத் தையலுக்கு அது ஆகாது. ‘சென்டர்லைன் டிரேஸ்’ என்று இங்க்ஸ்கேப் 1.0 முதல் இருக்கிறது, அது நடுக்கோட்டை மட்டும் எடுக்கும். கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் தடுமாறும், கையால் சரிசெய்து கொள்ளலாம்.

#11 கோலப்பொடி

புள்ளிக் கோலங்களின் படங்கள் நிறைய வைத்திருக்கிறேன். அதையும் இப்படிச் செய்யலாமா அக்கா?

#12 நூல்கண்டு

அதற்கு எதற்கு டிரேஸ்? புள்ளிகளைக் கிரிட்டில் வைத்து, ஒரே வளைவை வரைந்து, திருப்பித் திருப்பி நகலெடுங்கள். கோலம் போடுவதும் அப்படித்தானே.

#13 தேன்சிட்டு

நேற்று ஸ்கேன் செய்தேன். வித்தியாசம் நம்ப முடியவில்லை! மயிலின் தோகையில் இருக்கும் மெல்லிய கோடுகூடத் தெரிகிறது. ஆனால் டிரேஸ் செய்ததில் ஒரு வேடிக்கை. தாளில் நிறைய தூசி இருந்ததால் ‘ஸ்பெக்கிள்ஸ்’ எண்ணை 400 வைத்தேன். தூசி எல்லாம் போயிற்று. மயிலின் கண்ணும் போயிற்று. எழுத்தைப் பார்த்தால் ‘மயில மிடடாயக கடை’ என்று நிற்கிறது. மாமா பார்த்துவிட்டு, ‘யாருடா இது, வெள்ளைக்காரன் எழுதினதா?’ என்கிறார்.

#14 வளைகோடு

ஹாஹா. ‘ஸ்பெக்கிள்ஸ்’ பரப்பளவைப் பார்த்துத்தான் அழிக்கும், இலக்கணம் பார்க்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 டிபிஐ என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 24 பிக்சல். பில் புக்கில் மெய்யெழுத்தின் புள்ளி 0.4 மி.மீ. இருக்கலாம், அதாவது 9, 10 பிக்சல் அகலம், பரப்பில் சுமார் 70 பிக்சல். நீங்கள் இரண்டு மடங்கு பெரிதாக்கியதால் நாலால் பெருக்க, 280. நீங்கள் வைத்தது 400. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் காலி. கறுப்புப் புள்ளியை மட்டும் இல்லை, கறுப்புக்குள் இருக்கும் வெள்ளைத் துளையையும் அதே கணக்கில் அடைத்துவிடும், மயிலின் கண் அப்படித்தான் போனது.

எண்ணை 20 பக்கம் இறக்குங்கள். பாக்கித் தூசியை கிம்ப்பில் வெள்ளை பிரஷ்ஷால் கையால் துடைத்துவிடுங்கள், டீ குடித்துக்கொண்டே செய்யலாம். ஆங்கிலத்தில் செய்முறை போடுபவர்கள் ‘எண்ணைத் தாராளமாக ஏற்று’ என்பார்கள். அவர்கள் எழுத்தில் ‘ஐ’, ‘ஜே’ இரண்டுக்கும்தான் புள்ளி. நம் எழுத்தில் பெரும்பாலான சொற்களில் ஒன்றாவது இருக்கும்.

#15 டிடிபி_தாத்தா

எழுத்தை டிரேஸ் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

#16 தேன்சிட்டு

கோபித்துக்கொள்ளாதீர்கள் தாத்தா, மயிலுக்காகத்தான் செய்தேன், எழுத்து கூடவே வந்துவிட்டது. எழுத்துக்குத் தனியாக ஃபான்ட் பார்த்துவிட்டேன், ‘ட்’டின் சதுரமும் ‘யி’யின் கொம்பும் அசலோடு நன்றாகப் பொருந்துகின்றன.

#17 ரேடியம்ராஜா

ஃபான்ட் என்றதும் ஒன்று. எனக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ அனுப்பும் முன் எழுத்தைக் கட்டாயம் கர்வ் ஆக்கிவிடுங்கள், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக. இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’, கோரலில் கன்ட்ரோல் க்யூ. எங்கள் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் வேறு எழுத்து வந்து உட்காரும். பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத ஃபான்ட் என்றால் ஆங்கில எழுத்தாகவே கொட்டும். எழுத்தைத் திருத்தும்படியான நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கர்வ் ஆக்கிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது.

அப்புறம் பிளாட்டருக்கு இதெல்லாம் வேண்டும்:

வட்டத்தைத் தடித்த ‘ஸ்ட்ரோக்’ ஆகப் போட்டிருப்பீர்கள். பிளாட்டருக்குத் தடிமன் தெரியாது, நடுவில் ஒரே ஒரு கோடு வெட்டிவிட்டுப் போய்விடும். ‘ஸ்ட்ரோக் டு பாத்’ கொடுத்தால் உள்வட்டம், வெளிவட்டம் இரண்டும் கிடைக்கும். ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும் வடிவங்களை ‘யூனியன்’ செய்யுங்கள், இல்லாவிட்டால் மயிலின் கால் வட்டத்தைத் தொடும் இடத்தில் பிளேடு குறுக்கே வெட்டும். பிறகு மெல்லிய கோடு. தோகையில் மெல்லிய கோடுகூட வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டீர்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெட்டிய பிறகு வேண்டாத ரேடியத்தை ஊசியால் உரித்தெடுப்போம், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கோடு அதோடு சேர்ந்து எழுந்து வந்துவிடும். ஒட்டினாலும் வேன் கழுவும் முதல் நாளே போய்விடும். வேனுக்கு ஒரு மயில், இணையதளத்துக்கும் பில்லுக்கும் ஒரு மயில் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வேன் மயிலுக்குத் தோகைக் கோடுகளில் பாதியை எடுத்துவிட்டு மீதியைத் தடிமனாக்குங்கள். இருபதடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அதுதான் தெளிவாகத் தெரியும்.

#18 கோடர்குப்பன்

இணையதளத்துக்குப் போகும் நகலைப் பற்றி நான் சொல்கிறேன். ஃபைலின் முதல் வரியில் ‘வியூபாக்ஸ்’ (படத்தின் எல்லையைச் சொல்லும் நான்கு எண்கள்) இருக்கிறதா என்று பாருங்கள். அகலமும் உயரமும் மட்டும் இருந்து வியூபாக்ஸ் இல்லாவிட்டால், போன் திரையில் படம் சிறிதாகாது, ஓரம் வெட்டுப்பட்டுத்தான் தெரியும். ஃபைலை இளைக்க வைக்கும் எஸ்விஜிஓ-வின் பழைய பதிப்புகள் தேவையில்லை என்று நினைத்து அதை நீக்கிவிடும், கவனம். ஆயத்தொலைவுகளுக்கு ஆறு தசம இடம் வேண்டாம், இரண்டு போதும். அதிலேயே பாதி எடை குறையும்.

பிற்பாடு வண்ணத்தில் வேண்டுமென்றால் விடிரேசர் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், நேரடியாக வண்ணப்படத்தை எடுத்துக்கொள்ளும். அதில் அடுக்காக, வெட்டாக என்று இரண்டு முறை உண்டு. திரைக்கு அடுக்கு முறை நல்லது, நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பதால் இடையில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியாது. ராஜா அண்ணனுக்கு அனுப்பும்போது வெட்டு முறை.

#19 பிக்சல்பாண்டி

அப்படியே என் பையன் போட்டோவையும் எஸ்விஜி ஆக்கலாமா?

#20 கோடர்குப்பன்

ஆக்கலாம். ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெரிய ஃபைலும், அம்மைத் தழும்பு மாதிரி திட்டுத் திட்டான முகமும் கிடைக்கும். ஸ்டென்சில் பாணியில் மூன்று நிறத்தில் வேண்டுமானால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் போட்டோவைப் போட்டோவாக விட்டுவிடுங்கள்.

#21 தேன்சிட்டு

போர்டுக்காரர் ஃபைலைத் திறந்ததும் ஒரே கேள்வியில் பாராட்டினார்: ‘யார்மா வரைஞ்சது?’ மொத்தமே 300 நோடுக்குள் முடித்துவிட்டேன். ஆனால் ஸ்டிக்கர் கடையில் புதுச் சிக்கல். இரண்டடி என்று வரைந்தது அவர்கள் திரையில் ஒன்றரை அடியாக வருகிறது. இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். அது சரியா?

#22 கோடர்குப்பன்

24 அங்குலம் 18 ஆகியிருக்கிறது, சரியாக முக்கால். ஆவணத்தை பிக்சல் கணக்கில் வைத்திருக்கிறீர்கள். இங்க்ஸ்கேப் 0.92 முதல் 96 பிக்சலை ஓர் அங்குலம் என்கிறது. எதிர்ப்பக்கம் 72 என்று நினைத்து எழுதிய மென்பொருளாக இருந்தால் நேர்மாறாக, பெரிதாகி வரும். சிறிதாகி வந்திருப்பதால் இங்கே நீங்கள் 72 கணக்கில் சேமித்து, அவர்கள் 96 கணக்கில் படிக்கிறார்கள். எழுத்தை வேறு எதிலாவது செய்து சேர்த்தீர்களா?

#23 தேன்சிட்டு

ஆமாம், கடைசியில் அக்கா மகனின் இல்லஸ்ட்ரேட்டரில் சேர்த்து அங்கிருந்துதான் சேமித்தோம்.

#24 கோடர்குப்பன்

அதேதான். இல்லஸ்ட்ரேட்டருக்கு ஓர் அங்குலம் 72 பிக்சல். இங்க்ஸ்கேப்பில் திறந்து, ஆவண அமைப்பில் அலகை மி.மீ. ஆக்கி, சின்னத்தின் அகலத்தை 610 மி.மீ. என்று பூட்டுப் போட்டுக் கொடுத்து மறுபடி சேமியுங்கள். இழுத்துப் பெரிதாக்கினாலும் வெக்டார் என்பதால் தரம் குறையாது, ஆனால் கண் அளவுக்கு இழுத்தால் வேனின் ஒரு பக்கம் ஒரு அளவும் மறுபக்கம் வேறு அளவும் வரும்.

#25 ரேடியம்ராஜா

ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்று போட்டு அனுப்புங்கள். திரையில் அது 100 காட்டினால் பாக்கி எல்லாம் சரி. சதுரத்தை வேறு நிறத்தில் வையுங்கள், எங்கள் மென்பொருளில் நிறவாரியாக வெட்டலாம், அந்த நிறத்தை மட்டும் அணைத்துவிடுவார்கள். மறுபக்கத்துக்கு அனுப்பும்போது யாராவது ‘மயில் முன்னே பார்க்கட்டும்’ என்று சொன்னால் மயிலை மட்டும் திருப்புங்கள். மொத்தமாகக் கண்ணாடி மாதிரி திருப்பி, எழுத்தும் தலைமாறி வந்த வேன் எங்கள் தெருவிலேயே ஒன்று ஓடுகிறது.